அக்கா வீட்டு இஞ்சிப் பூ: இரண்டு வருடம் ஏன் பூக்கவில்லை

அக்கா வீட்டுக்குப் பின்னால் ஐந்து வகைப் பூ இஞ்சி, அதாவது பூவுக்காக வைக்கிற இஞ்சிக் குடும்பத்துச் செடிகள், நின்றது. இரண்டு வருடத்தில் வந்தது ஒரே ஒரு பூ. அதுவும் நட்ட ஆறாவது மாதத்தில், நர்சரித் தொட்டியில் இருந்து கொண்டுவந்த தெம்பில் பூத்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்தத் தோட்டத்தைச் சரிசெய்யப் போன நானே முதலில் ஒரு தப்பு செய்து, காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு தூரைக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் குழி வெட்டிப் பார்க்கத் தோன்றியது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் கண்டக்டராக இருந்தவன். பஸ் கண்டக்டர் இல்லை, காட்டு வேலையை மேற்பார்வை செய்யும் கண்டக்டர். மட்டையைப் பார்த்தே எந்த உரம் குறைகிறது என்று சொல்லிப் பழகிவிட்டது. செம்பனையில் மெக்னீசியம் குறைந்தால் கீழ்மட்டை ஆரஞ்சு நிறமாகும், ஆனால் வெயில் படாமல் இன்னொரு இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பகுதி மட்டும் பச்சையாகவே இருக்கும். இதையெல்லாம் தூரத்தில் இருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தத் திமிர்தான் இங்கே என்னைக் கவிழ்த்தது.

இடமும் செடிகளும்

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அக்கா இருப்பது ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஓரத்து வீடு, அதனால் பக்கவாட்டிலும் கொஞ்சம் நிலம் உண்டு. அந்தத் தாமான் வருவதற்கு முன்னால் அங்கே பால்மரம்தான், அதாவது ரப்பர். மரத்தைச் சாய்த்து, மேல்மண்ணைச் சீவி எடுத்துவிட்டு, எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி அதன்மேல் வீடு கட்டினார்கள். பெரும்பாலான தாமான்களின் கதை இதுதான். வீடு வாங்கும்போது சுவரையும் கூரையையும் தட்டிப் பார்க்கிறோம், பின்னால் இருக்கும் மண்ணை யார் பார்க்கிறார்கள்?

2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் ஊரே செடி நட ஆரம்பித்தது, அக்காவும் ஆரம்பித்தார். பின்சுவரை ஒட்டி 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி. அதற்குள் ஐந்து வகை.

முதலாவது கந்தான். மலாய்க்காரர்கள் புங்கா கந்தான் என்பார்களே, அசாம் லக்சா நூடுல்ஸிலும் நாசி கெராபு சோற்றிலும் மொட்டை நறுக்கிப் போடுவார்களே, அதுதான். இரண்டாவது சிவப்பு அல்பீனியா, கோயில் வாசலிலும் ஹோட்டல் முகப்பிலும் வைக்கிற, தண்டு நுனியில் சிவப்பு மடல் அடுக்கடுக்காக வரும் சாதி. பசிபிக் தீவுகளில் இருந்து வந்தது. நாம் பூ என்று பார்ப்பது சிவப்பு மடல்தான், உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும் சின்ன வெள்ளைப் பூதான் நிஜப் பூ. மூன்றாவது கந்தாசூலி. வெள்ளை வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி பூக்கும், பொழுது சாய்ந்தால் வாசனை தெருவரைக்கும் வரும். பெயரிலேயே கந்தம் இருக்கிறது பாருங்கள். கேரளத்தில் இதைத்தான் கல்யாண சௌகந்திகம் என்கிறார்கள். நான்காவது தெப்புஸ், நம் மலேசியக் காட்டுச் செடி. தேன்கூட்டைக் குச்சியில் குத்தி நட்ட மாதிரி மஞ்சள் கூம்பு தரையில் இருந்து கிளம்பி, நாளாக நாளாகச் சிவக்கும். ஐந்தாவது மஞ்சள் வரி போட்ட இலைக்காக எல்லோரும் வேலியோரம் வைக்கும் அல்பீனியா. பூ வந்தால் பீங்கான் சோழி சரம் தொங்கும் மாதிரி இருக்கும். இந்த இலையில் ஒக்கினாவாக்காரர்கள் அரிசி மாவைப் பொதிந்து அவித்துச் சாப்பிடுவார்கள் என்று நான் சொல்லப்போய், அக்கா ஒருநாள் கொழுக்கட்டை அவித்துப் பார்த்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது, மாமா மட்டும் சோப்பு மாதிரி இருக்கிறது என்றார்.

இது போக ஒரு தொட்டியில் சியாம் துலிப், மஞ்சள் செடிக்குச் சொந்தக்காரி, தாய்லாந்துச் சரக்கு. அதன் கதை சின்னது, கடைசியில் சொல்கிறேன்.

இஞ்சிக் குடும்பத்தில் 1,600 வகை அளவில் இருக்கின்றன. ஒரே குடும்பம் என்பதால் அக்கா எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வைத்து, ஒரே வாளித் தண்ணீர், ஒரே கைப்பிடி உரம் என்று வளர்த்தார். அண்ணன் தம்பிக்கே ஒரே சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை.

அக்காவின் வாதம் வேறு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை வைத்துக் கேட்டார். "லயத்துல யாரு தம்பி இதுக்கெல்லாம் உரம் போட்டா? குளிக்கிற எடத்துக்குப் பின்னாடி கந்தான் காடா நின்னுச்சு. தானா பூத்துச்சு, தானா வெட்டித் தின்னோம். இங்க மட்டும் என்ன கேடு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது.

நான் செய்த தப்பு

2021 நவம்பரில் அக்கா வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினார். கந்தாசூலியின் கீழ் இலைகள் மஞ்சள், இரண்டு தண்டு சாய்ந்து கிடக்கிறது, அடித்தண்டு நீர் கோத்த மாதிரி மங்கலாக இருக்கிறது. நான் டீ குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்துவிட்டு, இது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா, இஞ்சிக்கு வந்தால் விடாது, மற்றதுக்கும் தொற்றும், மண்ணோடு பிடுங்கி உரச் சாக்கில் கட்டி வெளியே போடுங்கள் என்று சொன்னேன். அக்காவும் போட்டுவிட்டார். அதில் பாதித் தூர் பச்சையாகத்தான் இருந்ததாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் நேரில் போனபோது பாத்தியின் இன்னொரு முனையில் கந்தானிலும் அதே மாதிரி ஆரம்பித்திருந்தது. சரி, தொற்றிவிட்டது என்று முடிவுகட்டி, உறுதிக்காக ஒரு சோதனை செய்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், காசு ஒரு சல்லி செலவில்லை. வாடின தண்டின் அடியில் இருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டிக் கழுவி, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பாட்டிலில் நுனி மட்டும் படும்படி தொங்கவிட வேண்டும். ரால்ஸ்டோனியாவாக இருந்தால் சில நிமிடத்தில் வெட்டின வாயில் இருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒழுகிக் கீழே இறங்கும். தண்டின் தண்ணீர்க் குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருக்கும் கிருமிக் கூட்டம்தான் அது.

அக்காவின் பழைய ஜாம் பாட்டில். ஈர்க்குச்சியில் தண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சமையலறை மேசையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக வைத்து மூன்று பேரும் உற்றுப் பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கொஞ்சம் மண் தூசு இறங்கியது, வேறொன்றும் வரவில்லை. மாமா, "ரசம் பொங்குதான்னு பாக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னொரு தண்டு வைத்தேன், அதிலும் இல்லை.

அப்புறம் கிழங்கைத் தோண்டி எடுத்தேன். எடுத்ததும் சாக்கடை நாற்றம். கிழங்கின் ஒரு பக்கம் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது, மறுபக்கம் வெட்டினால் ரோஸ் கலரில் கெட்டியாக இருக்கிறது. வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் சட்டைக் கை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். இது பித்தியம் வேலை, தண்ணீர்ப் பூஞ்சை. அதன் வித்துகள் நீந்தித்தான் வேருக்குப் போகும், நீந்துவதற்கு மண்ணில் தண்ணீர் நிற்க வேண்டும். பாக்டீரியா வாடல் என்றால் அந்த இடத்தையே இஞ்சிக்கு மறந்துவிட வேண்டியதுதான். பித்தியம் என்றால் கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கிழங்கைத் தண்ணீர் வடியும் இடத்தில் வைத்தால் பிழைக்கும். கந்தாசூலியையும் பிழைக்க வைத்திருக்கலாம்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "அந்த வாசம் நல்லாருந்திருக்கும்ல" என்று மட்டும் சொன்னார். அது ஒரு தடவைகூடப் பூத்ததில்லை.

குழி

மறுநாள் காலை பாத்திக்குள் கடப்பாரையை இறக்கினேன். ஒன்றரைச் சாண் வரைக்கும் அக்கா வாங்கிப் போட்ட கறுப்பு மண், பூப்போல இறங்கியது. அதற்குக் கீழே டங் என்றது. அந்தச் சத்தத்திலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. தோண்டத் தோண்ட இறுகின செம்மண், உடைந்த ஓடு, கம்பித் துண்டு, ஒரு இடத்தில் மூட்டையோடு இறுகிப்போன சிமெண்டு. தாள் மக்கிப் போயிருந்தது, ஆனால் மூட்டையின் மடிப்பும் தையல் கோடும் கல்லில் செதுக்கின மாதிரி அப்படியே பதிந்திருந்தன. வீடு கட்டினவர்கள் புதைத்துவிட்டுப் போன சீதனம்.

ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது இறங்கின பிறகு மறுபடியும் நிரப்பி ஒரு குச்சியில் அளவு குறித்தேன். வடிகிற மண்ணாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு அங்குலமாவது குறையும். இங்கே மாலை நாலு மணிக்கு நிரப்பியது, மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் இரண்டு விரல் அளவுதான் குறைந்திருந்தது. அதாவது அக்காவின் பாத்தி மண் நிரப்பின தொட்டி, அடியில் ஓட்டை இல்லாத தொட்டி.

அதோடு கூரை. பின்பக்கத் தகரச் சாய்ப்புக்குப் பீலி கிடையாது, கொட்டுகிற மழை முழுக்க அந்தப் பாத்தியின் ஒரு முனையில் விழுகிறது. அக்டோபர், நவம்பரில் நம்ம பக்கம் சாயங்கால மழை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கந்தாசூலி நின்றது சரியாக அந்த முனையில்.

சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற சிவப்பு அல்பீனியாவுக்கு வேறு நோவு. குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. அக்கா உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போட்டிருக்கிறார். பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜனோ மெக்னீசியமோ குறைவு என்று யோசிக்கலாம், ஏனென்றால் செடி அதைப் பழைய இலையில் இருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி உருவ முடியாது, அதனால் குருத்துதான் முதலில் வெளுக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணே இரும்புக் கலர்தானே. சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி இரும்பைப் பூட்டி வைத்துவிட்டது. pH சோதனைத் தாளில் சுவரோரம் 8 காட்டியது, அதாவது காரம்; இரண்டு மீட்டர் தள்ளி 5, அமிலம். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பூட்டு திறக்காது.

லயத்துக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருந்தது. லயத்தில் குளிக்கிற தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. பல வருடமாகப் பால்மரத்து இலை விழுந்து மக்கின மண், அதை யாரும் சீவவில்லை, உருளை ஓட்டவில்லை. மேலே மரத்து நிழல். பெருக்கித் தள்ளின குப்பை, அடுப்புச் சாம்பல் எல்லாம் அங்கேதான் போய் விழும். உரம் போடவில்லை என்று அக்கா சொல்வது தப்பு, தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், தெரியாமல்.

மாமாவும் பாராங்கும்

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வேர் சரியில்லை, அதனால் பூ இல்லை. ஆனால் தெப்புஸும் வரி இலை அல்பீனியாவும் அந்த மண்ணிலேயே ஓரளவு தெம்பாகத்தான் நின்றன. அவை ஏன் பூக்கவில்லை?

பதில் சாப்பாட்டு மேசையில் வந்தது. மாமா சுத்தக்காரர். மாதம் ஒரு தடவை பாராங்கை, அதாவது நீள வெட்டுக்கத்தியை, எடுத்துக்கொண்டு பின்னால் போவார். தீபாவளிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் தீவிரம். உயரமாகப் போன தண்டு, சாய்ந்த தண்டு, இலை கிழிந்த தண்டு எல்லாம் தரையோடு போகும். "புதுசா தளிர்த்து அழகா வரும்ல" என்றார். தளிர்த்தது உண்மைதான். தளிர்த்துக்கொண்டே இருந்தது.

பூ இஞ்சியில் இரண்டு ரகம் உண்டு, எந்தச் சாதி வாங்கினாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ரகத்துக்கு இலை விட்ட தண்டின் நுனியில் பூ வரும். சிவப்பு அல்பீனியா, கந்தாசூலி, வரி இலை அல்பீனியா மூன்றும் அப்படி. தண்டு வளர்ந்து முதிர்ந்து நுனியில் பூத்து, ஒரே ஒரு தடவை பூத்ததும் அதன் வேலை முடியும். அப்போது வெட்டலாம், வெட்ட வேண்டும். பூக்கும் முன்னால் வெட்டினால் மறுபடி பூஜ்யத்தில் இருந்து. வரி இலைக்காரி இதில் இன்னும் மோசம், போன வருடத்துத் தண்டில்தான் பூக்கும். ஒரு வருடம் தாண்டாத தண்டு எத்தனை நின்றாலும் பயனில்லை. மாமா கணக்கில் எந்தத் தண்டும் தீபாவளியைத் தாண்டியதே இல்லை.

இன்னொரு ரகத்துக்குப் பூ தனியாகத் தரையில் இருந்து கிளம்பும், இலைத் தண்டு வேறு, பூத் தண்டு வேறு. கந்தானும் தெப்புஸும் அப்படி. நாம் பொங்கல் பானையில் கட்டுகிற இஞ்சிகூட அந்த ரகம்தான். அதன் பூவை யாரும் பார்க்காததற்குக் காரணம் பூக்கும் முன்னாலேயே பிடுங்கிவிடுகிறோம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமா தட்டில் இருந்து கையை எடுத்தார். "கூரா, ரோஸ் கலர்ல, ஈட்டி மாதிரி ஒன்னு வருமே... தூர்ல இருந்து தள்ளி?"

"ஆமா மாமா, அதான் கந்தான் மொட்டு."

"ரெண்டு வந்துச்சு. செத்துப்போன குருத்துன்னு நெனச்சு வெட்டிப் போட்டேன்."

அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. பூக்காத தோட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த தோட்டத்தில் கந்தான் அந்த நோவோடும் இரண்டு தடவை பூக்கப் பார்த்திருக்கிறது.

மாற்றி வைத்தது

2022 மார்ச்சில், ஏப்ரல் மழைக்கு முன்னால், எல்லாவற்றையும் பிடுங்கினோம். பாத்தியை ஒரே பாத்தியாக வைக்கிற யோசனையையே விட்டுவிட்டோம்.

இரண்டு இடத்தில் அடிமண்ணைக் கடப்பாரையால் உடைத்து, சிமெண்டையும் ஓட்டையும் அள்ளி வெளியே போட்டு, தண்ணீர் வேலியோர வாய்க்காலுக்குப் போகும்படி ஒரு அடி ஆழத்துக்குத் தாரை வெட்டிச் சரளைக்கல் நிரப்பினோம். அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மேடு. மேட்டு மண்ணில் பாதி தோட்டத்து மேல்மண், மிச்சத்தில் கருக்கின உமி, மக்கின ஆட்டுப் புழுக்கை, அரைகுறையாக மக்கின செம்பனைக் காலிக் குலை, பழத்தை உதிர்த்தபின் மிஞ்சுவது. காலிக் குலையை ஆலையில் இருந்து எடுத்தவுடன் குவித்து வைக்காதீர்கள், காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், ஈயும் மொய்க்கும். தோட்டத்தில் நாங்கள் ஒரே அடுக்காகத்தான் பரப்புவோம். மக்கின பிறகு மூடாக்குக்கு அதை மிஞ்சினது இல்லை, சாம்பல் சத்து நிறைய.

கிழங்கை மூன்று நாலு முளை இருக்கும்படி வெட்டி, அழுகின பக்கத்தை நல்ல சதை தெரியும்வரை சீவி, கத்தியை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒருநாள் நிழலில் காயவைத்தேன். இலையைப் பாதியாக நறுக்கிவிட்டேன், வேர் இல்லாத கிழங்கு அவ்வளவு பெரிய இலைக்குத் தண்ணீர் இறைக்க முடியாது. மேலே மூன்று விரல் மண்தான், அதற்குமேல் ஆழமாக வைத்தால் மறுபடி அழுகலுக்கு அழைப்பு.

கந்தான் வேலி மூலைக்குப் போனது, அது மூன்று நாலு மீட்டர் ஏறும், வீட்டுச் சுவரோரம் வைக்கிற செடியே இல்லை. தெப்புஸ் காட்டுக்குள் மரத்தடியில் வளர்கிற சாதி, பின்சுவரில் மேற்கு வெயில் பட்டு இலை வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த ரம்புத்தான் மரத்தடிக்கு மாற்றினோம். சிவப்பு அல்பீனியாவுக்குக் காலை வெயில் வரும் பக்கவாட்டு மேடு. வரி இலை முன்வேலிக்கு. கந்தாசூலிக்கு நான் கடன்பட்டிருந்தேன், பழைய தோட்டத்து நண்பர் ஒருவரிடம் இருந்து ஒரு சாக்கு கிழங்கு வாங்கி வந்தேன். அதற்குத் தண்ணீர் பிடிக்கும், அதனால் சாய்ப்புத் தண்ணீர் ஓடி வடியும் தாரையின் ஓரத்தில் வைத்தோம். தண்ணீர் ஓடும், நிற்காது. லயத்துக் குளிக்கிற இடம் மாதிரி.

இந்தச் செடியைப் பற்றி ஒரு சங்கதி. பிரேசிலில் இருந்து கிளம்பிய ரப்பர் விதை லண்டன் போய், 1877இல் பக்கத்து ஊர் கோலகங்சாருக்குக் கன்றாக வந்து, நம் தாத்தாமாரை இங்கே இழுத்து வந்தது. இமயமலை அடிவாரத்துக் கந்தாசூலி எதிர்த்திசையில் பிரேசிலுக்குப் போய் அங்கே ஓடைக்கரையெல்லாம் களையாகப் பரவிக் கிடக்கிறது. கியூபாவில் இது தேசிய மலர். நம்ம வீட்டில் மட்டும் அழுகிச் செத்தது.

மாமாவுக்கு ஒரு ஏற்பாடு. பாராங்கை அவர் கையில் இருந்து வாங்குவது நடக்காத காரியம், அதனால் ராஃபியா கயிறு. ஜனவரியில் இருந்து ஜூன் வரைக்கும் முளைத்த தண்டுக்குச் சிவப்பு, ஜூலைக்கு மேல் நீலம், அடுத்த வருடம் மஞ்சள், பச்சை. கயிறு கட்டின தண்டில் பூ வந்து முடிந்தால் மட்டும் வெட்டலாம். தரையில் இருந்து ஈட்டி மாதிரி எது வந்தாலும் முதலில் அக்காவைக் கூப்பிட வேண்டும்.

உரத்தில் பெரிய ரகசியம் இல்லை. 12:12:17:2 நீல உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ், மெக்னீசியம் கலவை), தூருக்கு ஒரு கைப்பிடி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தூரை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி. சிவப்பு அல்பீனியா பெருந்தீனிக்காரி, அதற்கு மட்டும் மாதம் ஒருமுறை. பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் விழுந்தால் ஒரு கரண்டி கீசரைட் என்ற மெக்னீசிய உரம். புதிய முளையை நத்தை தின்றது, ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கினோம்.

வந்தது, வராதது

கந்தாசூலி ஐந்தாம் மாதம், ஆகஸ்ட்டில் பூத்தது. அக்கா சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணி, பேசாமல் போனைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். வாசனை போனில் வராது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் தாங்கும், ஆனால் ஒரு கூம்பில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். கொண்டையில் வைக்க வெள்ளிக்கிழமை தவறாமல் கிடைக்கிறது.

சிவப்பு அல்பீனியா எட்டாம் மாதம். குருத்து பச்சையாகி இரண்டு மாதம் ஆன பிறகுதான் நுனியில் சிவப்பு தெரிந்தது. இப்போது ஒரே சமயத்தில் ஏழு எட்டு நிற்கும். பழைய பூவில் மடலுக்குள் குட்டிச் செடி முளைத்து வரும், அதை எடுத்துத் தொட்டியில் வைத்தாலே கன்று, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கந்தான் 2023 ஜூலையில், பதினாறாவது மாதம். தெப்புஸ் அதே வருடக் கடைசியில் இரண்டே இரண்டு கூம்பு. அதில் ஒரு சிக்கல், மடலுக்குள் மழைத் தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டம்மா டிங்கிக் (டெங்கு) காய்ச்சலுக்குப் பயந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், கேட்டதில் தப்பில்லை, ஏடிஸ் கொசுவுக்குச் செடி இடுக்கில் நிற்கும் தண்ணீரே போதும். வாரம் ஒருமுறை ரப்பர் குழாயால் மடலுக்குள் பீய்ச்சி அடித்து அலசிவிடுகிறார் அக்கா. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் வேண்டும், அதற்குள் அலசினால் போதும்.

சியாம் துலிப் செத்துப்போனது. அது வருடத்தில் சில மாதம் இலையெல்லாம் காய்ந்து கிழங்காகத் தூங்க வேண்டிய சாதி. தாய்லாந்து வடக்கில் மழையே இல்லாத மாதங்கள் உண்டு, நம்ம ஊரில் மழைக்கு லீவு கிடையாது. இலை காய்ந்ததைப் பார்த்து அக்கா பாவம் என்று இன்னும் தண்ணீர் ஊற்றினார். தொட்டியைச் சாய்ப்புக்கு அடியில் தூக்கிவைத்துத் தண்ணீரை நிறுத்தியிருந்தால் கிழங்கு பிழைத்திருக்கும். வேறொன்று வாங்கவில்லை, அந்தத் தொட்டியில் இப்போது கச்சோலம் நிற்கிறது.

கந்தானின் முதல் மொட்டை லக்சாவுக்கு வெட்டலாம் என்று மாமா சொன்னார், அக்கா விடவில்லை. விரிந்து, ரோஸ் கலர் மங்கி, பழுப்பாகிக் காய்ந்து விழும்வரைக்கும் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத்தான் வெட்டக் கொடுத்தார்.

வரி இலைக்காரி மட்டும் இன்னும் பூக்கவில்லை. இடையில் புல் வெட்ட வந்த ஆள் சிவப்புக் கயிறு கட்டினது முழுவதையும் மெஷினால் அடித்துவிட்டுப் போய்விட்டான், அதனால் கணக்கு மறுபடி முதலில் இருந்து. போன வாரம் போனபோது எண்ணினேன், மஞ்சள் கயிறு ஒன்பது தண்டில் இருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம். மாமா பாராங்கைத் தீட்டி வைத்திருக்கிறார், அக்கா முன்வேலியில் நாற்காலி போட்டிருக்கிறார்.